பதினோராம் அடுக்கு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கடல் பக்கத்து யன்னலைப் பூட்டிவிட்டேன்;
உப்புக்காற்று பட்டால் இது தொங்கிப்போகும்.
மேசையில் ஒரு டூட்டூ குப்புறக் கிடக்கிறது,
இடியப்பத் தட்டுக்கு இறகு முளைத்த மாதிரி.

யூடித் கேட்டது இவ்வளவுதான்:
"பாரத்தைக் குறைச்சுத் தாங்கோ அன்ரி.
இந்தமுறை எல்லாருக்கும் கறுப்பு ரைட்ஸ்,
பாவாடை ஒராளுக்கும் இல்லை.
முடிவில மட்டும் இது மேலயிருந்து
கம்பியில இறங்கி வரும்.
ஆளில்லாமல்."

ஆளில்லாத சட்டைக்கு
இடுப்பு எத்தனை என்று நான் கேட்கவில்லை.
கறித்தராசில் வைத்தேன்: ஒரு கிலோ நூற்றெண்பது.
கம்பி தாங்குவது அரைக் கிலோ.
பிளேட்டை எடுத்தேன்.

மேலே கிடப்பது சீனத்து நைலோன்.
மின்சாரம் வெட்டிய வருசம் நான் வைத்ததுதான்.
பிள்ளைகள் கைபேசி வெளிச்சத்தில் ஆடினார்கள்,
ஓரம் கோணல் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.
அதற்குக் கீழே சிங்கப்பூர்ச் சரக்கு,
துறைமுகம் திறந்துவிட்ட காலத்து மினுக்கம்;
ஜிகினா கொட்டிக் கொட்டி
என் சோற்றுக்கோப்பை வரைக்கும் வந்துவிட்டது.
துட்டு இருந்தால்தான் டூட்டூ என்று
புறக்கோட்டையில் அப்போது பகிடி விடுவார்களாம்.

ஏழாவது அடுக்கில்
பாதி வட்டத்துக்குத்தான் நூல்.
மீதிப் பாதியில் ஊசி போன துளைகள் மட்டும்,
தற்காலிகத் தையலை யாரோ உருவியிருக்கிறார்கள்.
கரையில் பென்சிலால் திகதி: எண்பத்து மூன்று, ஆடி.
தைத்தவரின் பெயர் இல்லை.
அதற்கு மேலுள்ளதெல்லாம் வேறு கை.
கொஞ்ச நேரம் பிளேட்டைக் கீழே வைத்தேன்.

இது முதலில் நீளம்தான், படத்தில் பார்த்திருக்கிறேன்.
கணுக்காலுக்குச் சற்று மேலே
புகை மாதிரி நிற்கும்.
பாரிஸில் வாயுவிளக்குக் காலம்;
சுழன்றபடி ஒருத்தி விளக்கை உரசினால்
போதும்.
தீப்பிடிக்காத மருந்து இருந்ததாம்.
துணி விறைக்கும், மஞ்சளடிக்கும் என்று
வேண்டாம் என்றார்களாம் சிலர்.
அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை,
வடிவுக்காக மூச்சை இறுக்கச்சொல்லி
எத்தனை கொக்கி பூட்டியிருக்கிறேன்.
பிறகு இத்தாலிக்காரிகள் வந்தார்கள்.
கால் பார்க்கிற வேலையைக் கண் பார்க்கட்டும் என்று
முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.
வெட்ட வெட்டத் துணி மேலே ஏறியது,
கடைசியில் தட்டையாய் இடுப்பில் நின்றது.
இப்போது யூடித் அதையும் கழற்றிவிட்டாள்.
சரிதான். அவளுடைய கால்கள் நல்ல கால்கள்.

பத்தையும் பிரித்தாயிற்று.
பதினொன்று டூல் இல்லை, விரலுக்குத் தெரிந்துவிட்டது.
ஓட்டை பெரிது, நூல் பருத்தி.
நுளம்பு வலை.
இறக்குமதி நின்ற எழுபத்து மூன்றாம் ஆண்டு,
மிஸ் வன்டர்வோல் வேறு எங்கே போவார்?
பாண் வாங்க விடியமுன் வரிசையில் நின்ற ஊரில்
மரவள்ளி மாவைக் காய்ச்சிக்
கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருக்கிறார்கள்.
கரப்பான் ஒரு பக்கத்தை அரித்திருக்கிறது,
அதுவும் பசித்த வருசம்.
இடுப்புப் பட்டியின் உள்ளே மடித்துத் தைத்தபடி
வலையின் ஒரு மூலை நாடா,
கட்டில்காலில் முடிந்த சுருக்கம் இன்னும் போகாமல்.
அந்த மாதம் யாரோ ஒரு பிள்ளை
விடியவிடியச் சொறிந்திருக்கும்.

தராசு நானூற்றிருபது என்றது.
அரைக் கிலோவுக்கு இன்னும் எண்பது இடமிருந்தது.
ஏழாவதை எடுத்து,
பாதித் தையலைப் பாதியாகவே விட்டு,
வலைக்கு மேலே வைத்து நாலு இடத்தில் பிடித்தேன்.
யூடித்துக்குச் சொல்லவில்லை.

ஒத்திகையன்று ஏணியின் உச்சியில்
கொம்பனித்தெரு நிஸ்தார்,
வாயில் கம்பி, கையில் குறடு.
"அன்ரி, இதை எதில கட்ட?
துணி கிழிஞ்சுபோகும் போல இருக்கு."

அந்த நாடாவில் கட்டு, என்றேன்.